காந்தம் ஒட்டாத கதவு

என் கணவனை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் இதை எழுதி முடிக்கும்வரை ‘அவன்’ போதும். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். கடைசிவரை படித்தால் என் பக்கம் வந்துவிடுவீர்கள்.

அவன் பெயர் டோக்கிஹாரு. நான் இகுயோ. ஊர் தெராதொமாரி. பட்டறையின் பின்கதவைத் திறந்தால் கடல்தான். பனிக்காலத்தில் காது கிழியக் கத்தும். வாசலில் ‘இகராஷி டிங்கரிங்’ என்று பலகை இருக்கும். இகராஷி என்பது என் அப்பாவின் குடும்பப் பெயர். அப்பாவுக்கு நானும் அக்காவும்தான், ஆண்பிள்ளை கிடையாது. அதனால் பட்டறையில் வேலைக்கு இருந்த டோக்கிஹாருவை எனக்குக் கட்டிவைத்து, எங்கள் குடும்பப் பெயரையும் அவனுக்குக் கொடுத்து, வீட்டோடு வைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். நகராட்சி அலுவலகத்தில் பெயரை மாற்றிக்கொண்டு வந்த அன்று, “இன்னையிலேர்ந்து நானும் இகராஷிதான், என்ன சொல்ற?” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். எங்கள் பெயரையே வாங்கிக்கொண்டவன், அவன் வாக்கும் எங்கள் வீட்டு வாக்காகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் மண்ணைப் போட்டான்.

பட்டறையில் சுத்தியல் பிடிப்பது நான். பேசுவது அவன். நசுங்கி வந்த மட்கார்டை நான் தட்டி நிமிர்த்துவேன். வண்டிக்காரரிடம் அவன் சாவியைக் கொடுத்து, நாலு கதை சொல்லி, வாசல்வரை போய்க் குனிந்து வழியனுப்புவான். “ஓனர் கை வெச்சா வண்டி புதுசாயிடுது” என்பார்கள். ஓனர் கை பட்டிப் பலகையைக்கூட ஒழுங்காகப் பிடிக்காது. எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. ஒரே வீட்டில் பெயர் யாருக்குப் போனால் என்ன என்று இருந்தேன். முட்டாள்.

நாலு வருஷம் முன்னால் ஒரு நாள், லாரியில் மினாமோ கூபே என்கிற பழைய இரண்டு கதவுக் காரைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். மலைப்பக்கம் உவோநுமாவில் ஒரு நெல் கிடங்கில் கிடந்ததாம், உள்ளே கோழி அடைந்துகொண்டிருந்ததாம். நான் பிறந்த வருஷத்து வண்டி. அடிப்பாகமெல்லாம் துரு தின்று, கதவைத் திறந்தால் தரை கூடவே வந்தது.

“உனக்கும் இதுக்கும் ஒரே வயசு. ரெண்டு பேருக்கும் இன்னும் ஓட்டம் இருக்கு” என்றான்.

“எனக்கு எங்க பட்டி பாக்கப் போற?”

“உனக்கெதுக்குப் பட்டி? உன் துருவே அழகா இருக்கு.”

கையில் இருந்த துணியை அவன்மேல் வீசினேன். ஆனாலும் உச்சி குளிர்ந்துவிட்டது. பொய் சொல்லி என்ன பயன்?

அப்போதுதான் அந்த ஆசையைக் காட்டினான். இனி வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். இந்த வண்டியைத் தயார் செய்து, படகில் ஏற்றி, சாதோ தீவை ஒரு சுற்றுச் சுற்றலாம். திரும்பி வந்து கடலோரச் சாலையிலேயே நோட்டோவரைக்கும் போகலாம். விற்கிறதுக்கு இல்லை, நம் இரண்டு பேருக்கு மட்டும். கல்யாணமான நாளிலிருந்து புத்தாண்டுக்கும் ஓபோன் பண்டிகைக்கும் தவிர நாங்கள் பட்டறையை மூடியதே கிடையாது. சாதோ தீவு எங்கள் பின்கதவிலிருந்து பார்த்தால் தெரியும். நான் போனதே இல்லை.

அன்றிலிருந்து மத்தியானச் சோற்றை அந்த வண்டிக் கூட்டுக்குள் உட்கார்ந்துதான் தின்றோம். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, இரண்டு கம்பி இருக்கை மட்டும். சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டே, “இடது பக்கம் பாரு, கடல். ஏய், கையை வெளிய நீட்டாத, பஸ் வருது” என்பான். எதிரே இருந்தது பட்டறையின் ஷட்டர். நானும் கையை உள்ளே இழுத்துக்கொள்வேன். கிழவிக்கு வந்த ஆசையைப் பாருங்கள்.

எந்தத் தகட்டில் செய்வது என்பதில்தான் முதல் சண்டை வந்தது.

இந்தப் பக்கத்தில் வண்டி எதனால் சாகும் என்று எனக்குத் தெரியும். பனியைக் கரைக்க ரோட்டு நடுவில் கிணற்றுத் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். அந்தத் தண்ணீரில் இருக்கிற இரும்பால் ரோடே செம்பழுப்பாகக் கிடக்கும். மேட்டுச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். மிச்சத்தைக் கடற்காற்று பார்த்துக்கொள்ளும். இந்த வியாதி எல்லாம் காலிலிருந்துதான் ஏறும். தரை, சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், இதெல்லாம்தான் முதலில் போகும்.

“கீழ எல்லாம் துத்தநாகம் பூசின தகடு. தண்ணி பட்டா துத்தநாகம் தான் கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும். வெல்டிங்ல பூச்சு எரிஞ்ச இடத்துல மட்டும் நான் திரும்பப் பூசிடுவேன். மேல சாதா தகடே போதும்” என்றேன்.

“எவர்சில்வர்?”

“வேற வேலை இல்ல? அடிக்க அடிக்க விறைச்சுக்கும். சாதா இரும்போட சேத்து வெச்சா, தான் மட்டும் பளபளன்னு இருந்துக்கிட்டு பக்கத்துல இருக்கறதை அரிக்க விட்டுடும்.”

“உங்க அக்கா மாதிரின்னு சொல்லு.”

“என் அக்காவை எதுக்கு இழுக்கற?” என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. அக்கா அப்படித்தான்.

அவன் வண்டியைச் சுற்றி வந்து, பானட்டின்மேல் கையை வைத்தான். “கீழ நீ சொல்றபடியே பண்ணு. ஆனா பானட், ரெண்டு கதவு, டிக்கி மூடி, இது நாலும் அலுமினியத்துல வேணும்.”

“பானட்டா? டேய், காலு நனையுதுன்னா யாராவது தொப்பியை மாத்துவாங்களா? பானட்ல எங்க துரு வரும்?”

“அலுமினியம் துருப்பிடிக்காது இல்ல?”

“செவப்பாப் பிடிக்காது. இரும்பைத் தொட்டுக்கிட்டு இருக்கற இடத்துல உப்புத் தண்ணி இறங்கினா வெள்ளை மாவா உதிரும். பெயின்ட்டுக்கு அடியில கொப்புளம் கொப்புளமா வரும். இதுக்கு சாதா தகடே மேல்.”

உடனே அவன் என் வலது தோளைத் தொட்டான். சுத்தியல் பிடித்துப் பிடித்து அந்தத் தோள் போய்விட்டது, கையைத் தலைக்குமேல் தூக்க முடியாது. “லேசா இருக்கும் இகுயோ. கதவை ஒரு விரல்ல திறப்ப. டிக்கியை நீயே தூக்கலாம். உனக்காகத்தான் கேக்கறேன்” என்றான்.

பெட்டிச் சட்டத்துக்கு மல்லுக்கட்டுவான் என்று நினைத்தேன். அதை ஒரே பேச்சில் விட்டுக்கொடுத்தான். பானட்டுக்கு மட்டும் விடாப்பிடியாக நின்றான். முதலில் துருப்பிடிக்கிற இடத்தைப் பற்றிக் கவலைப்படாதவன், கடைசியில் துருப்பிடிக்கிற இடத்துக்கு அலுமினியம் கேட்கிறான் என்றால் அவனுக்குத் துருவைப் பற்றிக் கவலையே இல்லை என்று அர்த்தம். இந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்த எனக்கு அது மண்டையில் உறைத்திருக்க வேண்டும். தோளைத் தொட்டவுடன் மண்டை வேலை செய்யவில்லை.

மூன்று வருஷம் தட்டினேன். அலுமினியத்துக்குப் பொறுமை வேண்டும். தகட்டில் சோப்பைத் தேய்த்து, அடியில் தீயைக் காட்டி, சோப்பு கருக்கும்போது தீயை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் விட்டால் நடுவில் ஓட்டை. மணல்மூட்டையின்மேல் வைத்துக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் குழியடித்து, பிறகு சுத்தியலால் மெழுகிக்கொண்டே வர வேண்டும். முதல் கதவு ஓரத்தில் கிழிந்தது. தூக்கி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். வாடிக்கையாளர் வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் இதற்குக் கை போகும். தோள் ராத்திரியெல்லாம் குத்தும். அவன் தைலம் தேய்த்துவிடுவான். அதையும் சொல்லத்தானே வேண்டும், தேய்த்துவிட்டான்.

நடுநடுவே என்னென்னவோ கேட்டான். கதவின் உள்பக்கம் வரிசையாக வட்ட ஓட்டை போடச் சொன்னான். பழைய காலத்து ரிவெட் ஆணியை எங்கேயோ தேடி வாங்கிவந்து, அதை வைத்துத்தான் அடிக்க வேண்டும் என்றான். ஏன் என்று கேட்டால் “ஒரு ரசனைதான்” என்பான். நான் செய்கிற தகட்டின் உள்மடிப்பில் அரிசி மாதிரி ஒரு சின்னக் குத்து வைப்பது என் பழக்கம். அதை இந்த வண்டியில் வேண்டாம் என்றான். “ஊரான் வண்டிக்குத்தான் அடையாளம். நம்ம வண்டிக்கு எதுக்கு?” அந்தப் பேச்சைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. எப்படி எல்லாம் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான் பாருங்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கதவு அலுமினியம், கீல் இரும்பு. இரண்டும் நேராகத் தொட்டால் நான் சொன்ன வெள்ளை அரிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். அதனால் நடுவில் மெல்லிய கறுப்பு ரப்பர்ப் பட்டை வெட்டி வைத்தேன்.

“கம்பெனியில அப்படி வெக்கல” என்றான்.

“கம்பெனிக்கு என்ன? வித்துட்டுப் போயிட்டாங்க. வெச்சு ஓட்டப் போறது நாமதானே? சாதோவுல மழையில நனைஞ்சா இந்தப் பட்டைதான் கதவைக் காப்பாத்தும்.”

பட்டையை விரலால் ஒரு தடவை தடவிவிட்டுப் போய்விட்டான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை மாதத்துச் செர்ரிப் பூ கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டி தயாராகி, வெள்ளைப் பெயின்ட் காய்ந்து, பட்டறை நடுவில் நின்றது. அவன் காலையிலேயே, “டொயாமாவிலேர்ந்து ஒருத்தர் வண்டியைப் பாக்க வர்றார். உபுகாத்தான்னு பேரு. பழைய வண்டின்னா பைத்தியம். நீ நல்ல துணியா போட்டுக்கோ, பட்டறைத் துணி வேணாம்” என்றான். இந்த மாதிரிப் பைத்தியங்கள் அடிக்கடி வருவார்கள், வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நல்ல துணி போட்டுக்கொள்ளச் சொன்னதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன்.

உபுகாத்தா வயதானவர். டொயாமாவில் பரம்பரையாகக் கடற்பாசி மொத்த வியாபாரம். கைநிறைய மீன் அப்பப் பெட்டி கொண்டுவந்து, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார். என்னிடம், “வீட்டம்மாவுக்கும் தொந்தரவு” என்று தலையைச் சாய்த்தார். நான் டீ போட உள்ளே போனேன்.

திரும்பி வரும்போது அவர் வண்டியின் பக்கவாட்டில் மண்டியிட்டிருந்தார். கைக்குட்டையில் சுற்றிய காந்தம் ஒன்றைப் பெட்டிச் சட்டத்தில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. பிறகு கதவில் வைத்துக் கையை எடுத்தார். வழுக்கி விழுந்தது. பானட்டில் வைத்தார், அங்கேயும் வழுக்கியது.

“ஒட்டல. இகராஷி-சான், ஒட்டல!”

“எப்படி ஒட்டும்?” என்றான் என் கணவன், குரலைத் தாழ்த்தி.

“எங்க அப்பா தோள்ல உக்காந்து பந்தயத் திடல்ல இதைப் பாத்தேன். பந்தயத்துக்குன்னு கம்பெனி அலுமினியத்துல பண்ணின ரகம். விரல்விட்டு எண்ணிடலாம். எல்லாம் நொறுங்கிப் போச்சுன்னு சொன்னாங்க.”

“இது ஒண்ணு தப்பிச்சுது. எங்க மாமனாருக்குப் பந்தயக்காரங்க பழக்கம். அவங்க கிடங்கிலேர்ந்து நேரா அவர் கைக்கு வந்தது. போர்வையைப் போத்தி வெச்சவர்தான், சாகறவரைக்கும் யாரையும் தொட விடல. பெயின்ட் மட்டும் ஒரு தடவை அடிச்சிருக்கோம். மத்தபடி கம்பெனியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து ஒருத்தர் கை படல.”

டீ தட்டோடு அப்படியே நின்றேன்.

என் அப்பாவா? என் அப்பா வாழ்நாள் முழுக்க ஓட்டியது மீன்காரரிடம் வாங்கிய ஒரு ஓட்டை வண்டி. பந்தயத் திடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. செத்துப்போன மனுஷனைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைக்கிறானே! ஆனாலும் பாருங்கள், அப்போதும் என் மனசு அவனுக்கு வக்காலத்து வாங்கியது. சும்மா பீற்றிக்கொள்கிறான், பெரியவரை ஆசைகாட்டி அனுப்பிவிடுவான், இவன் வாய்க்கு என்றைக்குத்தான் பூட்டு இருந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

உபுகாத்தா, “கீலைப் பாக்கலாமா?” என்று கேட்டார். அவன் கதவைத் திறந்து காட்டினான். விளக்கைப் பிடித்து அவர் குனிந்து பார்த்தார். “ஆமா, அப்படியே கம்பெனி வேலை. நடுவுல ஒண்ணும் வெக்கல” என்றார்.

தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு நானும் குனிந்தேன்.

ரப்பர்ப் பட்டையைக் காணோம். என் பட்டை. கத்திரியால் நான் வெட்டி, ஓரத்தை வழித்து, ஒட்டி வைத்த பட்டை. கீலைக் கழற்றி, அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரும்பை அலுமினியத்தோடு நேராக வைத்து முடுக்கியிருந்தான். அந்தப் பக்கத்துக் கதவுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

பெரியவரிடம் விட்டது பீற்றல் என்று வைத்துக்கொள்ளலாம். இது அப்படியில்லை. கடலோரம் ஓட்டப் போகிறவன் அந்தப் பட்டையை எடுக்க மாட்டான். மழையில் நனைந்தால் உள்ளே மாவாக உதிரும் என்று அவனுக்கு நான் சொல்லியிருக்கிறேன். உதிர்ந்தால் உதிரட்டும், அதற்குள் வண்டி டொயாமாவுக்குப் போயிருக்கும். சாதோவும் கிடையாது, நோட்டோவும் கிடையாது. கூட்டுக்குள் உட்காரவைத்து எனக்குச் சோறு ஊட்டியதெல்லாம் என் கை வேலை செய்துகொண்டே இருப்பதற்குத்தான்.

“இதை நான் பண்ணினேன்” என்றேன்.

உபுகாத்தா நிமிர்ந்தார். “என்னம்மா?”

“இந்தக் கதவு, அந்தக் கதவு, பானட், டிக்கி. எல்லாம் நான் தட்டினது. இந்த மணல்மூட்டைமேல வெச்சு. கோழி அடைஞ்ச வண்டி இது. எங்க அப்பா இதைப் பாத்ததுகூட இல்ல.”

அவன் இரண்டு நொடி என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்துத் திரும்பி, சிரித்தான்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இவளுக்கு இந்த வண்டின்னா உயிர். விக்கறதுல இஷ்டம் இல்ல, அதான் இப்படி. பட்டறையில கூடமாட இருப்பா, பட்டி தேய்ப்பா. அலுமினியம் எல்லாம் பொம்பளை கையில வர்ற வேலையா? நீங்களே பாருங்க, எங்கயாவது ஒரு சுத்தியல் தடம் தெரியுதா?”

தெரியாதுதான். தெரியாத மாதிரி மெழுகியது நான்தானே! என் வேலையில் குறை இல்லாததையே என் வாயில் அடைத்தான். ஒரு குத்துகூட அடையாளம் இல்லை. அதையும் எப்போதோ கொஞ்சிப் பேசி வாங்கிவிட்டான்.

பெரியவர் என் கையைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் நல்ல ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். அவன் சொன்னவுடன் எனக்கே என் கை வெட்கமாக இருந்தது. ஒரு கணம்தான். அடுத்த கணம் எங்கிருந்தோ ஒரு ஆத்திரம் வந்தது பாருங்கள், என் வாழ்நாளில் அப்படி வந்ததில்லை.

சுவரில் மாட்டியிருந்த கொட்டாப்புளியை எடுத்தேன்.

“இகுயோ!”

“இரு.”

“ஏய், பைத்தியம் பிடிச்சிருக்கா? வை அதை!”

பானட்டின் நடுவில் ஓங்கி ஒன்று வைத்தேன். தோளில் மின்னல் மாதிரி வலி ஓடியது. கிண்ணம் அளவுக்குக் குழி விழுந்தது. பெயின்ட் சுற்றிலும் வெடித்து வெள்ளைச் செதில் தரையில் கொட்டியது. மூன்று வருஷ வேலை.

“யார் கையும் படலன்னு சொன்னியே, இப்ப பட்டுடுச்சு. இனிமே அந்தப் பேச்சு பேசாத” என்றேன். மூச்சு இரைத்தது. “ஐயா, செதில் உதிர்ந்த இடத்துல குனிஞ்சு பாருங்க. கீழ சாம்பல் கலர்ல ஒரு பூச்சு தெரியும். போன வருஷம் நான் அடிச்சது. டப்பா அந்த அலமாரியில இருக்கு, தேதியோட.”

உபுகாத்தா குனிந்து பார்க்கவில்லை. என் கணவனைப் பார்த்தார். அவன் அலமாரியைப் பார்த்தான். அதற்குமேல் அவருக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார். நிதானமாகத்தான் செய்தார், ஆனால் முகம் பத்து வயது கூடிப்போன மாதிரி இருந்தது. அவரும் ஏமாந்தவர்தானே. என் முன்னால் வந்து இடுப்புவரை குனிந்தார். “உலகத்துலயே கம்பெனியாலதான் முடியும்னு நினைச்சேன், அம்மா” என்றார். அவனுக்குத் தலையைக்கூட ஆட்டவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கொண்டுவந்த அப்பப் பெட்டி மேஜையிலேயே இருந்தது.

கார் சத்தம் மறைந்ததும் அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. முக்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

“ஒரு வீட்டு விலை இகுயோ. ஒரு வீட்டு விலை கொடுக்கத் தயாரா வந்தாரு.”

“யாருக்கு?”

“நமக்குத்தான்! வேற யாருக்கு? உன் தோளை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்குத் தட்டுவ?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா பண்ணியிருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் சொல்லல.” பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “முப்பது வருஷமா உங்க அப்பா பேரைச் சுமந்துக்கிட்டு நிக்கறேன். வர்றவன் எல்லாம் இகராஷி இகராஷிங்கறான். ஒரு தடவையாவது நானா ஒண்ணு முடிச்சுக் காட்டணும்னு இருந்தது. உனக்கு அது புரியாது.”

புரிந்தது. புரியாமல் இல்லை. அந்தக் குறை அவனுக்கு இருந்ததென்றால் என்னிடம் சண்டை போட்டிருக்கலாம், பலகையைக் கழற்றி எறிந்திருக்கலாம். நானே ஏணி பிடித்திருப்பேன். அதற்குப் போய் என் ஆசையைத் தூண்டில் புழுவாகக் குத்தி என்னையே பிடித்தானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

“டோக்கி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பூசி மெழுகாம சொல்லு. வண்டியை இங்க இறக்கின அன்னைக்கு, என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டணும்னு நிஜமாவே நினைச்சியா? நடுவுல புத்தி மாறிச்சுன்னு சொன்னாக்கூடப் போதும். முதல் நாள் மட்டும் நிஜம்னு சொல்லு.”

அந்த ஒரு பதிலுக்காக நின்றேன். ஆமாம் என்று பொய் சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவ்வளவு கேவலமாக நின்றேன்.

அவன் எழுந்து வந்தான். என் பக்கம் வருகிறான் என்றுதான் நினைத்தேன். என்னைத் தாண்டிப் போய்ப் பானட்டின்மேல் குனிந்து, அந்தக் குழியை உள்ளங்கையால் தடவினான். ஓரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தான்.

“உள்ள இருந்து தட்டினா வந்துடும்ல?” என்றான். “நீ தட்டினா தெரியாது. ஓசாக்காவுல இன்னொருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு.”